ஒரு சீல், ஒரு காபி, அப்புறம் இன்னொரு சீல்

கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்ப். இந்த மூன்றும் ஒரு காகிதத்தில் சரியாக விழுந்துவிட்டால் என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குத் தூக்கம் நன்றாக வரும். நெதர்லாந்துக்குக் குடிவந்து இத்தனை வருஷமாகியும், இங்கே யாரும் எதற்கும் சீல் குத்துவதில்லை, எல்லாம் மின்னஞ்சலிலேயே முடிந்துவிடுகிறது என்பது அவருக்கு ஆறாத குறை. அப்படிப்பட்ட மனிதரிடம், நடக்க நடக்க சீல் குத்தும் ஒரு பாதை ஸ்பெயினில் இருக்கிறது என்று சொன்னது நான்தான்.

கமீனோ என்பார்கள். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா மாநிலத்தில் இருக்கும் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்துக்குப் போகும் பாதயாத்திரை. இயேசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை; ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள். பிரான்ஸ் எல்லையிலிருந்து தொடங்கினால் 800 கி.மீ. பக்கம் வரும். அவ்வளவு லீவும் அவ்வளவு முழங்காலும் இல்லாதவர்கள் 100 கி.மீ. நடந்தாலும் லத்தீனில் எழுதிய சான்றிதழ் கிடைக்கும். ஆகவே நிறையப் பேர் 115 கி.மீ. தூரத்தில் இருக்கும் சாரியா என்ற ஊரில்தான் போய் இறங்குகிறார்கள். நாங்களும் அங்கேதான் இறங்கினோம்.

நடந்ததற்கு அத்தாட்சி வேண்டுமே. அதற்கு யாத்ரீகர் பாஸ்போர்ட் என்று ஒரு மடிப்பு அட்டை தருகிறார்கள். நாளுக்கு இரண்டு சீல் இருந்தால் போதும் என்று நான் படித்தேன். குறைந்தது இரண்டு என்று இவர் படித்தார்.

பயிற்சி எடுத்ததையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் உச்சி மலை தெற்குக் கோடியில் இருக்கிறது, அதுவே 322 மீட்டர்தான். எங்கள் ஊரில் அதுவும் கிடையாது. எனவே சனிக்கிழமைகளில் பலமாடி கார் நிறுத்தத்தின் படிக்கட்டில் ஏறி இறங்கினோம். எந்த மாடியில் வண்டியை விட்டீர்கள் என்று காவலாளி அக்கறையாக விசாரித்தார். அதற்கப்புறம் இவர் வர மறுத்துவிட்டார்.

இதற்கு முன் ரைன் நதிக்கரை, இத்தாலியின் சிங்க்வே தெர்ரே என்று கொஞ்சம் நடந்திருக்கிறோம். அங்கெல்லாம் இவர் ஒரு பர்லாங்கு முன்னால் போய், இடுப்பில் கைவைத்து நின்று, நான் வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்கக்கூட விடாமல் மறுபடி கிளம்பிவிடுவார். கமீனோவில் அந்தத் தொல்லை இல்லை. காரணம், இந்தப் பாதையில் சில கிலோமீட்டருக்கு ஒரு பார் வந்துவிடுகிறது. பார் என்றதும் தப்பாக நினைக்க வேண்டாம், ஸ்பெயினில் நம் காபிக்கடைக்கும் அதே பெயர்தான். தேவாலயம், விடுதி, பார், எங்கே போனாலும் ஓர் ஓரத்தில் சீலும் மைப்பெட்டியும் இருக்கும். பெரும்பாலும் நாமே குத்திக்கொள்ளலாம், காசு கேட்பதில்லை.

ஆனால் ஒன்றுமே வாங்காமல் ஒருவர் கடைக்குள் நுழைந்து சீல் மட்டும் குத்திக்கொண்டு வெளியே வருவது இவர் வளர்ந்த வளர்ப்புக்கு ஆகாது. எனவே ஒரு காபி. பால் தளும்பத் தளும்ப ஊற்றும் கஃபே கோன் லெச்சே. குடித்து அரை மணி நேரம் ஆவதற்குள் அவர் நடை மாறும். பாதையோ காடும் மாட்டுப் பண்ணையும். அடுத்த பார் எப்போது வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டே எட்டி நடப்பார். வந்ததும் கழிப்பறைக்கு ஓட்டம். சும்மா கழிப்பறையை மட்டும் உபயோகித்துவிட்டு வரலாமா, அதுவும் மரியாதை இல்லையே. எனவே ஒரு காபி. ஓரத்தில் பார்த்தால் சீல்.

முதல் நாள் மத்தியானத்துக்குள் எனக்கு இது புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவைக்க முயன்றேன். "சும்மாதானே கிடைக்குது" என்றார். காபிக்கு ஆன கணக்கு என்னிடம் இருந்தது, சொல்லவில்லை.

வழி தவற வாய்ப்பே இல்லாத பாதை இது. மரம், சுவர், மின்கம்பம் என்று எங்கும் மஞ்சள் அம்புக்குறி. ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்துப் பாதிரியார் எலியாஸ் வலீஞா 1980களில் பெயின்ட் டப்பாவோடு கிளம்பிப் போட ஆரம்பித்தது. கலீசியா அரசு தன் பங்குக்குக் கல் நட்டு, மீதித் தூரத்தை மூன்று தசம இடம் வரை எழுதி வைத்திருக்கிறது. இவருக்கு இது அடுத்த விருந்து. ஒவ்வொரு கல்லிலும் நின்று கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, சில மீட்டர் இடிக்கிறது என்று எனக்கு அறிக்கை கொடுப்பார். 100 கி.மீ. கல்லில் போட்டோ எடுக்க ஒரு வரிசையே நின்றது. அந்த வரிசைக்காக நின்றதில்தான் என் கால் முதல்முறையாக வலித்தது, நடந்ததில் இல்லை.

அன்று சாயங்காலம் போர்த்தோமரீன். 22 கி.மீ. நடந்து வந்தவனுக்கு மீஞோ ஆற்றின் மேல் ஓர் உயரமான நீண்ட பாலத்தைக் காட்டி, அது முடிந்ததும் ஊருக்குள் ஏறச் செங்குத்தாகக் கல் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். பழைய ஊர் கீழே இருந்ததாம். 1960களில் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. தேவாலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, மேலே கொண்டுவந்து திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். அந்த எண்கள் சில கற்களில் இன்னும் தெரிகின்றன. நான் படியில் உட்கார்ந்து கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இவர் தேவாலயச் சுவரைத் தடவிக்கொண்டு, "எவ்வளவு நீட்டா ஃபைல் பண்ணியிருக்காங்க பாரு" என்றார். உள்ளே சீலும் இருந்தது.

ராத்திரி விடுதி. அடுக்குக் கட்டில்கள், பத்து மணிக்கு விளக்கணைப்பு. இவர் குறட்டையைப் பற்றிக் கல்யாணம் ஆன புதிதில் எங்கள் மாமியார் எனக்குக் காதோடு சொன்ன எச்சரிக்கை குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். நடு ராத்திரியில் யாரோ ஒருவர் கட்டிலைத் தட்டினார், இன்னொருவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார். காலையில் மொத்த அறையும் இவரை ஒரு மாதிரி பார்த்தது. நான் தனியாக வந்தவள் போல் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவரோ எல்லோர் முன்னாலும் என் பக்கம் திரும்பி, "சரியாவே தூங்கலை. அந்த மூலையில யாரோ பயங்கரக் குறட்டை" என்றார். நல்லவேளை, தமிழில்.

காலை என்று சொன்னேனே தவிர, அது கும்மிருட்டு. நாங்கள் போனது செப்டம்பர் கடைசி. கலீசியா போர்ச்சுகலுக்கு நேர் வடக்கே இருக்கிறது, ஆனால் 1940இல் ஸ்பெயின் தன் கடிகாரத்தை ஜெர்மனியோடு ஒட்டவைத்தது, இன்றுவரை அப்படியே ஓடுகிறது. எட்டு மணி தாண்டித்தான் சூரியன் வரும். சாப்பாட்டு நேரமும் அதற்குத் தக்கபடி. யாத்ரீகர்கள் சீக்கிரம் படுப்பார்களே என்று ஏழு மணிக்கே சாப்பாடு போடும் இடங்கள் உண்டு என்பதால் பிழைத்தோம். சூப், பெரிய தட்டு, இனிப்பு, ரொட்டி, கூடவே கேட்காமலே ஒரு பாட்டில் ஒயின்.

அப்படி ஒரு சாப்பாட்டில்தான் பத்ரோன் மிளகாய் வந்தது. சின்னப் பச்சை மிளகாயை ஆலிவ் எண்ணெயில் வாட்டிக் கல்லுப்பு தூவியது. பெரும்பாலானவை காரமே இருக்காது, எப்போதாவது ஒன்று சுரீர் என்று பிடித்துக்கொள்ளும், எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கிளம்பிய நாள் முதல் நாக்கு செத்துக்கிடந்த எங்களுக்கு இது லாட்டரி மாதிரி. ஒவ்வொன்றாகக் கடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் இல்லை. இன்னொரு தட்டு சொன்னார். அதுவும் புல். அந்த நேரத்தில் பக்கத்து மேஜை ஜெர்மன்காரர், மனைவியின் தட்டிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர், இருமல், முகம் சிவந்து ஒயினும் தண்ணீரும் மாறி மாறிக் குடித்தார். எல்லோரும் பதறி எழுந்தார்கள். இவர் மட்டும் அந்தத் தட்டில் மீதி என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

மெலிதே ஊரில் ஆக்டோபஸ் விசேஷம். வேகவைத்ததைக் கத்தரிக்கோலால் வெட்டி, மரத்தட்டில் போட்டு, மிளகாய்ப் பொடி தூவித் தருகிறார்கள். மிளகாய்ப் பொடி என்று அவர்கள் சொல்வது நிறத்தை மட்டும்தான். அங்கேதான் இவருடைய பாஸ்போர்ட் நிறைந்து போனது. என்னுடையதில் பாதிக்கு மேல் காலி. அந்தக் காலி இடத்தை அவர் பார்த்த பார்வை சரியில்லை என்று நான் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டாவது அட்டை வாங்கித்தான் ஊரைத் தாண்டினார்.

அதற்கப்புறம் மழை. கலீசியாவில் மழை பெய்தது என்று எழுதுவதே வீண், எப்போது நின்றது என்று எழுதலாம். காகித ஆலைகளுக்காக நட்ட யூகலிப்டஸ் காடுகள் வழியாகப் பாதை போகிறது. மழையில் அந்தக் காடே நீலகிரித் தைலம் மணத்தது. இவர் ஆழமாக மூச்சிழுத்து, முழங்கால் வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்றார்.

சாந்தியாகோ பேராலயத்தில் பொத்தாஃபுமெய்ரோ என்று ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான சாம்பிராணிக் கலசம் உண்டு. எட்டுப் பேர் கயிறு பிடித்து இழுக்க, கூரையைத் தொடுகிற மாதிரி ஊஞ்சலாடும். நடந்து வந்தவர்களின் நாற்றத்தை அடக்கத்தான் அந்தக் காலத்தில் வைத்தார்கள் என்று ஒரு பேச்சு. எங்கள் ஈர சாக்ஸை நினைத்தால் அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அது தினமும் ஆடாது, விசேஷ நாளிலும் யாராவது காணிக்கை கட்டினாலும்தான். நாங்கள் போன அன்று யாரும் கட்டவில்லை.

இவருக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை, ஏனென்றால் அடுத்தது யாத்ரீகர் அலுவலகம். போனில் படிவம் நிரப்பி, நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டும். எதற்காக நடந்தீர்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி. மதமா, ஆன்மிகமா, வேறா? இவர் ரொம்ப நேரம் யோசித்தார். போனை வாங்கி நானே ஆன்மிகம் என்று தட்டினேன்.

கவுன்டரில் வயதான தன்னார்வலர் அம்மா ஒருவர். இவர் இரண்டு அட்டைகளையும் வரிசையாக மடிப்புப் பிரித்து, இஸ்திரி போடுவது போல் நீவி வைத்தார். அந்த அம்மா தொடக்கத்தை ஒரு தடவை, முடிவை ஒரு தடவை பார்த்தார், கடைசி சீலைக் குத்தினார், பெயரை எழுதினார், முடிந்தது. நடுவில் இருந்த அத்தனை காபியையும் யாரும் பார்க்கவில்லை.

இவர் நகரவில்லை. அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. "ஏங்க, கேக்காதீங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். கேட்டுவிட்டார். அந்த அம்மா மலர்ந்து போய் வரைபடம் ஒன்றை எடுத்தார். கடற்கரையில் ஃபினிஸ்டெர்ரே, இன்னும் 90 கி.மீ., அங்கே தனிச் சான்றிதழ். அங்கிருந்து ஒரு நாள் நடையில் முசியா, அங்கே இன்னொன்று.

பஸ்ஸில் போனவர்களுக்கும் தருவார்களா என்று நான் கேட்டேன். தர மாட்டார்களாம்.