எரிந்து விழும் பிள்ளைக்கு மனச்சோர்வாகவும் இருக்கலாம்

பதின்வயது மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்றில்லை. எரிச்சல், தொட்டதற்கெல்லாம் சண்டை, பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி, பிடித்த விளையாட்டையே கைவிடுவது என்று வரலாம். இது 2 வாரம் நீடித்தால் திமிர் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

காரணம் ஒன்றே ஒன்றாக இருப்பது அரிது. தாய்க்கோ தந்தைக்கோ மனச்சோர்வு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 2 முதல் 3 மடங்கு. அதன்மேல் நிறத்தையும் உடம்பையும் சொல்லிக் கேலி, வீட்டில் ஓயாத சண்டை, வெளியே சொல்ல முடியாத பாலியல் தொல்லை. கற்றல் குறைபாடு யாருக்கும் தெரியாமல், வருடக்கணக்காக 'சோம்பேறி' என்று திட்டு வாங்கும் பிள்ளையும் இதில் உண்டு.

தூக்கத்தை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. பருவமடையும்போது, தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. இரவு 11 மணிவரை தூக்கம் வராதது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. 5 மணிக்கு டியூஷனுக்கு எழுப்பினால் கிடைப்பது 6 மணி நேரம். தேவை 8 முதல் 10. தூக்கம் குறைந்தால் மனம் சோரும், மனம் சோர்ந்தால் தூக்கம் இன்னும் கெடும்.

தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, ஸ்டீராய்டு, சில வலிப்பு மருந்துகளும் இப்படி மனதைச் சோர வைக்கும். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்; நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

சாக வேண்டும்போல் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416: இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம்.