அளக்குமுன் எடுக்கும் அரிசி

நான் செய்யும் ஒரு காரியம் சென்னையில் வேலை பார்க்கும் என் மகனுக்கு விளங்கவே இல்லை. சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கொட்டி, எங்கள் கிறிஸ்தவ சபையின் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோகிறேன். "எதற்கம்மா இந்தப் பாடு? மாதாமாதம் ஒரு தொகையை ஜிபேயில் அனுப்பிவிடுங்கள். சபைக்கும் அதுதான் லாபம்" என்கிறான்.

கணக்குப்படி அவன் சொல்வது சரிதான். எங்கள் கோயில் மூட்டையில் பொன்னியும் ரேஷன் புழுங்கலும் பச்சரிசியும் ஒன்றாகக் கிடக்கும். அதை உலையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று விறைத்து நிற்கும். ஆராதனை முடிந்து ஏலம் விடும்போது இட்லிக்கு ஆட்டுவதற்கு யாராவது கேட்பார்கள். இல்லாவிட்டால் கோழி வளர்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பெரிய விலைக்குப் போகாது.

ஆனாலும் இது சின்ன விஷயம் இல்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் நம் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள். சொந்த ஜனங்களின் காணிக்கையை நம்பியே ஹைதராபாத் நிஜாம் சீமையிலிருந்த டோர்னக்கல் பக்கம் ஊழியரை அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான அசரியா, வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். வடகிழக்கில் மிசோராம் சபைப் பெண்களும் இதே போல ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாக அது அங்கே நடக்கிறது. அரிசி உண்ணும் ஊரில், கையில் காசு புழங்காத பெண்ணால் யாரையும் கேட்காமல் கொடுக்க முடிந்தது இது ஒன்றுதான்.

எனக்கு இதைப் பழக்கியவர் என் மாமியார். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். "அளக்குமுன் எடு. அளந்த பிறகு எடுத்தால் மனம் கணக்குப் பார்க்கும்." உண்மைதான். படியில் அளந்து முறத்தில் கொட்டிவிட்டால் அது இவருக்கு, இது பிள்ளைக்கு, ராத்திரிக்குக் கொஞ்சம் என்று எல்லாவற்றுக்கும் பேர் எழுதியாகிவிடும். அதிலிருந்து எடுப்பது பிடுங்குவது போல இருக்கும். டின்னுக்குள் கை விடும்போதே எடுத்துவிட்டால் மனம் சம்மதிக்கிறதா என்று கேட்க நேரமே இல்லை. கை முதலில் கீழ்ப்படிந்துவிடுகிறது, மனம் பின்னால் வந்து சேர்கிறது. அப்படி வந்து சேரும்போது அது ஒரு சந்தோஷத்தோடு வருகிறது. குக்கரை ஏற்றிவிட்டு ஏதோ ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். எப்போது தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது.

இதைச் சொன்னால் சிலர் உடனே டிவி பிரசங்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கொடுங்கள், பத்து மடங்காகத் திரும்பும் என்பார்களே, அது. எனக்கு அந்தப் பேச்சு அறவே பிடிக்காது. வேதத்தில் வரும் சாறிபாத் ஊர் விதவைக்கு என்ன கிடைத்தது? பஞ்ச காலம். அவள் இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள், கடைசியாக ஒரு அடை சுட்டு, மகனோடு சாப்பிட்டுச் சாக. எலியா தீர்க்கதரிசி வந்து முதலில் தனக்கு ஒரு சிறிய அடை பண்ணிக் கொண்டுவரச் சொல்கிறார். சிறு வயதில் இதைக் கேட்டபோது தீர்க்கதரிசி மேல் கோபம்தான் வந்தது. அவளோ சொன்னபடி செய்தாள். அவள் வீட்டில் மூட்டை மூட்டையாக மா வந்து இறங்கியது என்று வேதத்தில் இல்லை. பானையில் மா தீரவில்லை, கலயத்தில் எண்ணெய் குறையவில்லை, அவ்வளவுதான். மழை பெய்யும் மட்டும் தினமும் பானையின் அடியைத் துழாவித்தான் எடுத்திருப்பாள். துழாவிய கையில் தினமும் மா பட்டிருக்கும். அவளுடைய சந்தோஷம் அதில்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மக்கெதோனியாச் சபைகளைப் பற்றிப் பவுல் எழுதும்போதும் கொடிய தரித்திரத்தையும் நிறைந்த சந்தோஷத்தையும் ஒரே வரியில்தான் வைக்கிறார். கொடுத்த பிறகு தரித்திரம் போயிற்று என்று அவர் எழுதவில்லை.

அரிசியோடு நின்றால் எனக்கும் வசதிதான். போன வருடம் வீட்டுப் பங்கு விஷயத்தில் என் கணவரின் அக்காவோடு மனஸ்தாபம். நியாயம் எங்கள் பக்கம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பேச்சு நின்றுபோயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைப் பையில் கவிழ்க்கும்போது மத்தேயு ஐந்தாம் அதிகாரம் வந்து குறுக்கே நின்றது. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிற அந்த வசனம். நியாயம் யார் பக்கம் என்று அது கேட்கவே இல்லை. உன்பேரில் அவருக்குக் குறை உண்டா என்று மட்டும்தான் கேட்கிறது. இதில் மாமியாரின் சட்டம் கைகொடுத்தது. யோசிக்குமுன் போனை எடுத்தேன்.

"மதினி, நான்தான் பேசுகிறேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அங்கே தேங்காய் என்ன விலை?" என்றார்.

தேங்காய் விலை, அவருடைய முட்டுவலி, பக்கத்து வீட்டுக் கல்யாணம். பங்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்பு, கண்ணீர் ஒன்றும் இல்லை. போனை வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவர் என்ன ஏது என்று விசாரித்தார். சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் அன்றைக்கு எங்களுக்கு ஒரு செண்டு நிலம்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

நில அளவையர் இன்னும் வந்தபாடில்லை. மதினி மட்டும் வாரம் தவறாமல் அழைக்கிறார். மகன் பொங்கலுக்கு வந்தபோது, "ரேஷன் அரிசியைத்தானே போடுகிறீர்கள்?" என்று பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். இல்லை, நாங்கள் சாப்பிடுகிற பொன்னிதான். அதையும் மாமியார்தான் சொல்லிவைத்திருந்தார்.