ஜன்னல் ஓர சிக்னல்

காலையில் மகளைப் பள்ளியில் விடப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஹெச்.எம். டீச்சர் ஜன்னல் கம்பியில் தன் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். வகுப்பில் அங்கே மட்டும்தான் சிக்னலாம்.

ஆறாம் வகுப்பு அறிவியல், இதயம் பற்றிய வீடியோ. சுற்றிச் சுற்றி நின்றது. இருபது தலைகள் அந்தச் சின்னத் திரையில் முட்டின.

2018-இல் புதிய பாடப்புத்தகங்களில், பாட வீடியோவைத் திறக்கும் க்யூஆர் கோட் வந்தபோது, "இதை யாரு ஸ்கேன் பண்ணப் போறாங்க?" என்று சிரித்தவன்தான் நானும்.

அப்புறம் கொரோனா. எங்கள் தெருவில் ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள். அப்பா வேலைக்குக் கிளம்பினால் பாடமும் கூடவே கிளம்பிவிடும்.

வீடியோவில் பாடம் காட்டும் திட்டம் சென்னையிலிருந்து வரும், சரி. டேட்டா யார் கணக்கு?

டீச்சரிடம் கேட்டேன். "என் ரீசார்ஜ்தான் சார்."

போர்டில் சாக்பீஸால் பாதி இதயம் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தார்.