தொலைந்த எபிசோடும் வரைந்த முகமும்

துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது.

டிவியில் ஓடிக்கொண்டிருந்தது 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரின் 'தி இன்வேஷன்'. 1968-ல் பிபிசியில் வந்த கதை, மொத்தம் எட்டு எபிசோட், அதில் முதலாவதும் நாலாவதும் இன்று இல்லை. 2006-ல் டிவிடி போட்டபோது அந்த இரண்டை மட்டும் காஸ்க்ரோவ் ஹால் என்ற ஸ்டூடியோவிடம் கொடுத்து கருப்பு வெள்ளை அனிமேஷனாக வரையவைத்துச் சேர்த்தார்கள். வாங்கிப் பல வருஷம் நான் அந்த இரண்டையும் பார்த்ததே இல்லை. ஓட்டையை அடைக்க ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதானே என்று நேராக இரண்டாவதிலிருந்து ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்கு ரிமோட் எங்கேயோ கிடந்தது, மடி நிறையத் துணி, சரி ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரு லாரிக்காரர் தொடரின் நாயகனான டாக்டரையும் அவரோடு பயணிக்கும் ஜேமியையும் ஸோயியையும் ஏற்றிக்கொண்டு போகிறார், மனிதருக்குக் குரலிலேயே நடுக்கம், யாருக்கோ பயந்து சாகிறார். அவர்களை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் அவரைச் சுட்டுவிடுகிறார்கள். கையில் எடுத்த சட்டையை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மனசுக்குள் ஓடியதெல்லாம் அசல் நடிகர்கள், அசல் சாலை. திரும்பிப் பார்த்தால் திரையில் பொம்மை முகம். ஒரு நொடி ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஏன் அப்படி என்றால், சத்தம் அசல். 1968-ல் அந்த ஒரு தடவை ஒளிபரப்பானபோது நடிகர்கள் பேசிய அதே குரல், அதே மூச்சு, அதே செட்டில் கதவு சாத்திய சத்தம்.

இது எப்படி மிஞ்சியது என்பதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காது. அப்போது வீடியோ கேசட் எல்லாம் வீட்டுக்கு வரவில்லை. பார்த்த நிகழ்ச்சியை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் டேப் ரெக்கார்டர்தான் வழி. இங்கிலாந்தில் சில பையன்கள் அதை டிவி முன்னால் வைத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யாரும் இருமக் கூடாது என்று மிரட்டிப் பதிவு பண்ணியிருப்பார்கள் என்று கற்பனை செய்துகொள்வேன். ஒரு ரசிகர் இன்னும் ஒரு படி மேலே போய் ரெக்கார்டரின் ஒயரை டிவிக்குள்ளேயே இணைத்துவிட்டார், அவருடைய பதிவுகள்தான் இன்றைக்கும் ரொம்பத் தெளிவானவை. இப்படி ஆளுக்கொரு மூலையில் பதிவு செய்து வைத்ததால், படம் தொலைந்த ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒலி மட்டும் இருக்கிறது. ஒன்றுகூட விடுபடவில்லை.

பிபிசியே ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டால் கோபம்தான் வரும், ஆனால் அவர்கள் பக்கத்துக் கணக்கும் புரியாமல் இல்லை. இரண்டு அங்குல வீடியோ டேப் அப்போது விலை அதிகம், அழித்துவிட்டு மேலேயே இன்னொன்றைப் பதிவு செய்யலாம். நடிகர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை இஷ்டத்துக்கு மறுஒளிபரப்பு செய்யவும் முடியாது. கலர் வந்த பிறகு கருப்பு வெள்ளையை யார் வாங்குவார்கள்? வெளிநாட்டுக்கு விற்க 16 எம்எம் ஃபிலிமில் எடுத்த பிரதிகள் தனியாக இருந்தன, விற்பனை உரிமை முடிந்ததும் அவற்றையும் 1978 வரை கழித்துக்கட்டிக்கொண்டே இருந்தார்கள். முதல் ஆறு வருஷத்து 253 எபிசோடில் எவ்வளவோ போய், வெளிநாட்டு நிலையங்களிலிருந்தும் தனி ஆட்களிடமிருந்தும் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்து, 2013-ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து டிவி நிலையத்தில் ஒரே சமயத்தில் ஒன்பது அகப்பட்ட பிறகும் 97 பாக்கி என்பதுதான் அன்றைய கணக்கு.

சரி, ஒலி இருக்கிறது. படத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் ஜான் க்யூரா என்ற புகைப்படக்காரர் வருகிறார். தன் டிவித் திரையையே கேமராவால் படம் பிடித்து, அந்தச் சின்னச் சின்னப் படங்களை இயக்குநர்களுக்கும் நடிகர்களுக்கும் விற்பது அவர் தொழில். தான் செய்த வேலைக்கு அத்தாட்சி வேண்டும் என்று அவர்களும் வாங்கினார்கள். ஒரு எபிசோடுக்கு அறுபது படம் போல. 25 நிமிஷ எபிசோடுக்கு அறுபது என்றால் ஏறக்குறைய 25 நொடிக்கு ஒன்று. டெலிஸ்நாப் என்று இதற்குப் பெயர். ஒலிநாடாவையும் இந்தப் படங்களையும் சேர்த்து, ரசிகர்களே முதலில் விஎச்எஸ் கேசட்டில் புனரமைப்புகள் செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அனிமேஷன் அதற்கெல்லாம் பிறகு வந்தது. வரைகிறவர்களுக்கு இந்தப் படங்களும், கிடைத்தால் கேமரா ஸ்கிரிப்டும்தான் கையில் இருக்கும் ஆதாரம்.

அந்த 25 நொடி இடைவெளியில் என்ன நடந்தது என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும் இல்லையா, என் கவனமெல்லாம் அதில்தான்.

'தி பவர் ஆஃப் த டாலெக்ஸ்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 நவம்பர் 5 அன்று முதல் எபிசோட் வந்தது, பாட்ரிக் ட்ரௌட்டன் டாக்டராக வந்த முதல் கதை, ஆறு எபிசோடில் ஒன்றுகூட முழுசாக மிஞ்சவில்லை. சரியாக ஐம்பது வருஷம் கழித்து 2016-ல் அதே நவம்பர் 5 அன்று ஆறையும் அனிமேஷனாக வெளியிட ஆரம்பித்தார்கள். கதையில் டாலெக்குகள், அதாவது உலோகக் கூட்டுக்குள் இருக்கும் வேற்றுக்கிரக வில்லன்கள், தங்களைத் தாங்களே தொழிற்சாலையில் உற்பத்தி செய்துகொள்கின்றன, வரிசை வரிசையாக வெளியே வருகின்றன. 1966-ல் கையில் இருந்ததோ ஒரு சில டாலெக்குகள்தான். அதனால் பின்னால் ஆளுயரப் புகைப்படத்தை நிற்கவைத்தார்கள், உற்பத்தி வரிசைக்குக் கடையில் விற்ற பொம்மை டாலெக்குகளைப் பயன்படுத்தினார்கள். இப்போது வரைகிறவர் என்ன செய்ய வேண்டும்? அட்டை டாலெக்கை அட்டையாகவே வரைவதா, அன்றைய இயக்குநர் மனசில் நினைத்த படையை வரைவதா? படையைத்தான் வரைந்தார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், ஆனால் அந்த இடத்தில் தொலைந்த எபிசோடை விட்டு நாம் கொஞ்சம் விலகிவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதே கதையில் இன்னொரு கஷ்டம் ட்ரௌட்டனின் முகம். புருவத்தை ஏற்றுவது, விரலைப் பிசைவது, கேள்விக்குப் பதில் சொல்லாமல் புல்லாங்குழலை எடுத்து ஊதுவது என்று அந்த மனிதர் பாதி நடிப்பை வசனமே இல்லாத இடத்தில் செய்கிறவர். அனிமேஷனில் அவரைக் கை, கால், தலை என்று தனித்தனித் துண்டாக வரைந்து அசைக்கிறார்கள், பணமும் நேரமும் குறைவு. வசனம் வரும்போது வாய் சரியாகத்தான் அசைகிறது. அவர் பேசாமல் நிற்கும்போதுதான் படம் செத்துப்போகிறது. 2020-ல் இதையே கொஞ்சம் திருத்தி மறுபடியும் வெளியிட்டார்கள் என்பதைப் பார்த்தால் அவர்களுக்கும் மனம் ஆறவில்லை போல.

சில சமயம் அனிமேஷன்காரர்களுக்குக் கை அரிக்கிறது. 1967-ல் வந்த 'த மேக்ரா டெரர்' கதையில் ராட்சத நண்டுகள் வரும், அசலில் இருந்தது நகரவே சிரமப்பட்ட ஒரே ஒரு நண்டு. 2019 அனிமேஷனில் நண்டுகள் அட்டகாசமாக இருக்கின்றன, கலரில், அகலத்திரையில். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதே வெளியீட்டில், கசங்கிய டாக்டரை ஒரு மிஷின் பளபளவென்று ஆக்கிவிட, அவர் இன்னொரு மிஷினுக்குள் புகுந்து பழையபடி கசங்கி வெளியே வருகிற காட்சியை விட்டுவிட்டார்கள். ஒலி இருக்கிறது, வரையவில்லை. நண்டுக்குக் கொடுத்த உழைப்பில் கொஞ்சம் அந்தக் கசங்கிய சட்டைக்குக் கொடுத்திருக்கலாம். அப்புறம் 2020-ல் வந்த 'த ஃபேஸ்லெஸ் ஒன்ஸ்'. போலீஸ் நிலையச் சுவரில் தேடப்படும் குற்றவாளி படமாக மாஸ்டர் என்ற வில்லனை ஒட்டிவைத்திருக்கிறார்கள். அந்தக் கதை 1967-ல் வந்தது, மாஸ்டர் என்ற பாத்திரமே 1971-ல்தான் தொடருக்குள் வந்தது! ரசிகர்களில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் திட்டினார்கள். நான் திட்டுகிற கட்சி. இருட்டில் விளக்கைப் பிடிக்க வந்தவர் விளக்கில் தன் பெயரை எழுதியது மாதிரி இருந்தது.

ரொம்பத் திட்டிவிட்டேன், எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். ஒலி போதும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் போதும் என்று துணி மடித்த நாளிலிருந்து நான் எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன். 'ஃப்யூரி ஃப்ரம் த டீப்' என் வாயை அடைத்தது. 1968-ல் வந்த ஆறு எபிசோட், ஆறும் காணோம், 2020-ல் அனிமேஷனாக வந்தது. அதில் ஓக், க்வில் என்று இரண்டு பேர், ஒருவர் குண்டு, ஒருவர் ஒல்லி, ஏதோ பழுதுபார்க்க வந்தவர்கள் மாதிரி ஒரு வீட்டுக்குள் நுழைவார்கள். ஓக்தான் பேசுவார், குழைந்து குழைந்து. க்வில் கதை முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டார். அப்படியானால் ஒலிநாடாவில் க்வில் என்கிற ஆளே இல்லை! வெறும் ஒலியைக் கேட்டபோது ஓக் தனியாக வந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது. பக்கத்தில் ஒருத்தர் பேசாமல் நிற்கிறார் என்பதைக் காட்ட யாராவது வரைந்தால்தான் உண்டு.

இதில் வேடிக்கை, அந்த இருவரும் வாயை அகலத் திறந்து விஷவாயுவை ஊதும் காட்சியின் அசல் படம் நிஜமாகவே பிழைத்திருக்கிறது. ரொம்பப் பயமுறுத்துகிறது என்று ஆஸ்திரேலியத் தணிக்கைக்காரர்கள் அந்தத் துண்டை வெட்டி எடுத்தார்கள். வெட்டியதை ஃபைலில் பத்திரமாக வைத்தார்கள். மீதி எபிசோட் அழிந்தது, ஆபத்து என்று கத்தரித்த துண்டு மட்டும் தப்பித்தது, 1996-ல் அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் ஒரு ரசிகர் தேடிக் கண்டுபிடித்தார். அந்தத் துண்டையும் அனிமேஷனையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். அசலில் க்வில்லாக நடித்தவரின் கண் சிமிட்டாமல் நிலைகுத்தி நிற்கிறது, வாய் திறந்துகொண்டே போகிறது, எங்கே நிற்கும் என்று தெரியவில்லை. அனிமேஷனில் வாய் திறக்கிறது. அவ்வளவுதான். தணிக்கைக்காரர்கள் அனிமேஷனைப் பார்த்திருந்தால் வெட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த எபிசோடின் மீதி இருபத்துச் சொச்சம் நிமிஷம் எனக்குக் கதையாகக் கிடைத்தது அந்த அனிமேஷனால்தான், அதை மறுக்க முடியாது.

இதனால்தான் ஒரு வெளியீட்டில் அனிமேஷனோடு வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். டெலிஸ்நாப் வைத்துச் செய்த புனரமைப்பு தனியாக இருக்கிறதா, மிஞ்சிய துண்டுகள் இருக்கின்றனவா, கலரோடு கருப்பு வெள்ளையும் கொடுத்திருக்கிறார்களா? இதெல்லாம் இருந்தால் அனிமேஷன் சுமாராக இருந்தாலும் வாங்குவேன், ஏனென்றால் எது கிடைத்தது, எது வரைந்தது என்பதை நானே பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 2021-ல் 'த வெப் ஆஃப் ஃபியர்' மூன்றாம் எபிசோடை, ஆட்களின் அசைவைப் பதிவு செய்து உருவங்களுக்குக் கொடுக்கும் மோஷன் கேப்சர் முறையில் செய்தார்கள், கட்டைப் பொம்மைகள் தண்ணீருக்குள் நடப்பது மாதிரி இருக்கும். லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட் என்ற, பின்னால் பல வருஷம் தொடரில் வரப்போகும் ராணுவக்காரர் முதன்முதலில் முகம் காட்டும் எபிசோட் அது. கதையின் மற்ற ஐந்தும் அசலாக இருக்க, நடுவில் இவர் அறிமுகம் மட்டும் இப்படி. நான் அதற்கு அனிமேஷனை விட்டுவிட்டு டெலிஸ்நாப்புக்குத்தான் போகிறேன்.

'மார்க்கோ போலோ'வை எப்போது அனிமேஷன் செய்வார்கள் என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 1964-ல் வந்த ஏழு எபிசோட், ஏழும் இல்லை. ஆளாளுக்கு ஒரு பட்டு உடை, கூடாரம், அரண்மனை, கூட்டம். துண்டு துண்டாக வரைந்து அசைக்கும் முறையில் இதைத் தொட்டால் பட்ஜெட் தாங்காது. படப்பிடிப்பில் எடுத்த கலர் புகைப்படங்கள் இருக்கின்றன, ஒலி முழுசாக இருக்கிறது. போன வாரம் மறுபடியும் ஏழையும் கேட்டு முடித்தேன், அந்தப் புகைப்படங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு. மடிக்கத் துணி ஒன்றும் இல்லை, சும்மாதான் படுத்திருந்தேன்.