கல்லாறுல தமிழ் மறவன் பட்டாம்பூச்சிய பாத்துட்டேன்!

நேத்து ராத்திரிதான் கோவை திரும்புனேன், கால்ல அட்டை கடிச்ச எடம் இன்னும் அரிக்குது, ஆனா இத எழுதாம தூக்கம் வரல.

மொதல்ல கோவத்த கொட்டிடறேன். மேட்டுப்பாளையத்துல ஊட்டி பஸ்ல ஏறுனா "கல்லாறுல நிக்காது, எறங்குங்க"ன்னு கண்டக்டர் எறக்கி விட்டுட்டார். அடுத்த பஸ்லயும் அதே கததான். சரின்னு ஆட்டோ கேட்டா அந்த ஏழெட்டு கிலோமீட்டருக்கு 400 ரூவாயாம், கெஞ்சிக் கூத்தாடி 300க்கு எறங்கி வந்தார். மொத்தப் பயணத்துக்கும் நான் ஒதுக்குனதே 1000தான், அநியாயம்ங்க.

ஆனா ஆத்தோர ஈரமணல பாத்ததும் எல்லாம் மறந்துபோச்சு. பத்துப் பதினஞ்சு தமிழ் மறவன் கூட்டமா உக்காந்திருக்கு! 2019ல நம்ம மாநிலப் பட்டாம்பூச்சின்னு அறிவிச்சாங்களே, அதேதான். றெக்கைய விரிச்சா நல்ல ஆரஞ்சு, ஓரமெல்லாம் கறுப்பு. குத்தவெச்சு பக்கத்துல பாத்தேன், சுருட்டி வெச்ச உறிஞ்சுகுழல பிரிச்சு மணல்ல ஊனி உப்ப உறியுது, நிக்கிறது நாலே கால்ல, முன்னங்கால் ரெண்டும் குட்டியா நெஞ்சோட ஒட்டி மடங்கியிருக்கு. இப்படி மண்ணுல உறியறது பெரும்பாலும் ஆண் பூச்சிங்கதான்.

பொண்ணுங்க எங்கன்னா, நீரடிமுத்து மரத்துகிட்ட. முட்டை அதோட எலையிலதான் வெக்கும். பொரிஞ்சு வர்ற புழு ஒடம்பெல்லாம் முள்ளு முள்ளா இருக்கும், கூட்டமா சேந்து தின்னும், சில வருசம் மரத்தையே மொட்டையாக்கிடும், அப்புறம் தோல உரிச்சு உரிச்சு வளந்து, வால் நுனிய ஒட்டிக்கிட்டு தலகீழா தொங்குற கூட்டுப்புழு, அதுலருந்துதான் இந்த அழகு. தொழுநோய்க்கு ஒரு காலத்துல எண்ணெய் எடுத்தாங்களே அதே மரம். கேரளாக்காரங்க இந்தப் பூச்சிக்கு மரோட்டி சலபம்னு மரத்துப் பேரையே வெச்சிருக்காங்க, எனக்கென்னவோ அதுதான் பொருத்தமான பேருன்னு படுது, ஏன்னா ஓடைக்கரையில அந்த மரம் இல்லேன்னா பூச்சியும் இல்ல. மொட்டையா நிக்குதேன்னு மருந்து அடிச்சிடாதீங்க, மரம் தன்னால துளிர்த்துக்கும்.

போறவங்க காலைல மழை விட்டு வெயில் வந்ததும் போங்க, அது யானை வழி, ரோட்ட விட்டு காட்டுக்குள்ள எறங்கவே கூடாது. திரும்புறப்ப குன்னூர்லருந்து வந்த பஸ் கை காட்டுனதும் நின்னுச்சு, டிக்கெட் 20 ரூவாகூட இல்ல!