மண்ணடியில் விட்ட பாஸ்போர்ட்

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்த மலேசியக் குடிமகள். 2022 டிசம்பரில் சென்னை ராயபுரத்துக்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்தேன். ஊருக்குத் திரும்பிப் போய், கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் ‘என்ட்ரி’ விசா வாங்கிக்கொண்டு, 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எக்ஸ் விசா என்று சொல்வது இதைத்தான். இந்தியரைத் திருமணம் செய்த வெளிநாட்டவருக்குக் கொடுப்பது. எனக்கு ஒரு வருடத்துக்குக் கொடுத்திருந்தார்கள்.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர்கள், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில், அதாவது எஃப்ஆர்ஆர்ஓ-வில், பதிவு செய்ய வேண்டும். அது எனக்குத் தெரியும். எப்படிச் செய்வது என்றுதான் தெரியாது. வந்த மூன்றாம் நாள் காலை நாங்கள் பசியாறிக்கொண்டிருக்கும்போதே என் கணவரின் சித்தப்பா வந்துவிட்டார்.

“மண்ணடில நமக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் கீறாரு. போலீஸ் பதிவு, விசா எல்லாம் அவரே பாத்துப்பாரு. நீங்க ஒண்ணியும் அலைய வேணாம்.”

அன்று மதியமே போனோம். குறுகலான மாடிப்படி, சுவர் முழுக்க உம்ரா பயண விளம்பரம், வளைகுடா வேலை விளம்பரம். ஏஜென்ட் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் எல்லாவற்றையும் என் கணவரிடமே பேசினார். மொத்தம் 15,000 ரூபாய், முன்பணம் 5,000. “மேடத்தோட ஒரிஜினல் பாஸ்போர்ட்ட வெச்சிட்டுப் போங்க சார், ஒரு வாரத்துல முடிச்சிரலாம்” என்றார். நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். புது வீடு, புது மனிதர்கள், சித்தப்பா சொன்ன ஆள். கொடுக்க மாட்டேன் என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரவு என் கணவரின் ஆயா, அவருடைய அம்மாவைப் பெற்றவர், என்னிடம் கேட்டார்: “உன் பாஸ்போட் எங்க கண்ணு?”

ஏஜென்டிடம் இருக்கிறது என்றேன். ஆயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். அந்தக் கப்பல் சீட்டை இன்னும் தகரப் பெட்டியில், துணி சுற்றி வைத்திருக்கிறார். “எங்க பெரியண்ணன் அவன் காயிதத்த மேஸ்திரி கைல குடுத்துட்டு நின்னான். நாங்க கப்பல் ஏறினோம். அவன் அடுத்த கப்பல்ல வர்றேன்னான். வர்ல” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

எங்கள் ஊரில் ஐசி என்னும் அடையாள அட்டை கையில் இல்லாமல் யாரும் வெளியே போவதில்லை. அந்த அட்டைக்கு இங்கே மதிப்பு கிடையாது. இந்த நாட்டில் நான் யார் என்று சொல்ல இருந்த ஒரே தாள் அந்தச் சிவப்புப் பாஸ்போர்ட்தான். அது எந்த மேசை இழுப்பறையில் கிடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் ஓடியது. போன் செய்தால் “சைட் ஓப்பன் ஆவல மேடம்” என்றார். விண்ணப்ப எண் கேட்டேன், அனுப்புகிறேன் என்றார், வரவில்லை. 12-ஆம் தேதி இரவு நானே என் கைப்பேசியில் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தைத் திறந்தேன். 2018-இலிருந்தே இந்தப் பதிவெல்லாம் இணைய வழிதானாம். எனக்கு என்ன தேவை என்று வரிவரியாகப் படித்தேன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா பக்கம், விமான நிலையத்தில் குத்திய முத்திரை, இவற்றின் ஸ்கேன் போதும். புகைப்படம், திருமணச் சான்றிதழ், கணவரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று, ஒரு கோரிக்கைக் கடிதம். அசல் பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்கச் சொல்லவில்லை. கூப்பிட்டால் ஒழிய நேரில் போகவும் வேண்டாம்.

பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: ஃபார்ம் சி. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர், அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் கொடுக்க வேண்டிய தகவல். ஹோட்டலுக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், வீட்டுக்கும் அதே விதிதான். எங்கள் வீட்டு உரிமையாளரான பெரியம்மாவிடம் ஏஜென்ட் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவர் பெயரைக்கூட எங்களிடம் கேட்கவில்லை. அப்படியென்றால் என் விண்ணப்பம் எங்கும் போயிருக்க வழியே இல்லை. அது புரிந்ததும் கை நடுங்கியது.

மறுநாள் காலை கடை திறக்கும்போது படிக்கட்டில் நின்றோம். பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினோம். முன்பணம் திரும்பவில்லை. சித்தப்பா முகத்துக்காகச் சண்டை போடாமல் வந்துவிட்டோம். அந்த 5,000 ரூபாயைவிட எனக்கு உறுத்தியது, கணக்கில் மீதமிருந்த ஐந்து நாள்.

அடுத்து பெரியம்மா. மாடியில் இருக்கிறார், துறைமுகத் தொழிலாளியின் மனைவியாக இருந்து கணவரை இழந்தவர். ஃபார்ம் சி தளத்தில் முதலில் வீட்டைக் கொடுத்தவர் தன் பெயரில் பதிவு செய்ய வேண்டும், அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் தகவலைக் கொடுக்க முடியும் என்று விளக்கினோம். அவருக்குப் பயம்.

“என் பேரப் போலீஸ் வெப்சைட்ல போட்டா நாளைக்கி எவனாச்சும் வந்து கதவத் தட்டுவான். நான் ஒண்டிக்கட்ட, எனக்கு இன்னாத்துக்குமா இதெல்லாம்?”

அவர் கேட்டதில் தவறில்லை. இந்தத் தெருக்களில் போலீஸ் என்ற சொல்லோடு வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பயம் காரணமில்லாமல் வருவதில்லை. நாங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தபோது ஆயா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறி வந்தார். “நாங்க பர்மாலர்ந்து வந்து நின்னப்ப உம் மாமனாருதான் இந்த வூட்டக் குடுத்தாரு. எவன் வந்து கேட்டாலும் என் வூட்டு ஜனம்னு சொன்னாரு. இப்ப நீ ஒரு கையெழுத்துப் போட மாட்டியா?” பெரியம்மா ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு, அடுத்து சனி, ஞாயிறு. 17-ஆம் தேதி திங்கள்கிழமை அவர் பதிவு ஏற்கப்பட்டது. அன்று இரவே ஃபார்ம் சி கொடுத்து, அதை இணைத்து என் விண்ணப்பத்தையும் அனுப்பினேன். தாமதம் ஏன் என்று மறைக்காமல் ஒரு கடிதம் எழுதி வைத்தேன்: வீட்டு உரிமையாளருக்கு விதி தெரியாது, எங்களுக்கும் தெரியாது, தெரிந்ததும் செய்தோம். ஆறாம் நாள் பதிவுச் சான்றிதழ் என் மின்னஞ்சலுக்கு வந்தது. பதிவுக்குக் கட்டணம் எதுவும் கட்டவில்லை.

அடுத்த வருடம் விசா நீட்டிப்பு. இது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன், முகவரிச் சான்றில் தடுக்கியது. நான் இணைத்த மின் கட்டண ரசீது பெரியம்மாவின் மாமனார் பெயரில் இருக்கிறது. அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. வாடகை ஒப்பந்தமோ பெரியம்மா பெயரில். இரண்டு பெயருக்கும் என்ன தொடர்பு என்று விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. நியாயமான கேள்வி. பெரியம்மா பெயரில் உள்ள சொத்து வரி ரசீதையும், அவர் கையால் எழுதிய ஒரு விளக்கத்தையும் அன்று மாலையே அனுப்பினேன். நீட்டிப்பு கிடைத்தது.

இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கேள்வி என் மின்னஞ்சலுக்கு வந்தது. ஏஜென்டுகள் பலர் தங்கள் மின்னஞ்சல், தங்கள் கைப்பேசி எண்ணை வைத்துத்தான் நமக்குக் கணக்குத் திறக்கிறார்கள். ஓடிபி அவர்களுக்குப் போகும், கேள்வியும் அவர்களுக்கே போகும். பதில் கொடுக்காமல் விட்டால் விண்ணப்பம் நின்றுபோகும், நமக்கு அது தெரியவே தெரியாது. ஏஜென்டை வைத்துத்தான் செய்வது என்று முடிவெடுத்தாலும் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். பாஸ்போர்ட் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

ஓசிஐ அட்டைக்கு, அதாவது இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரை மணந்தவருக்கும் கொடுக்கும் வாழ்நாள் விசா அட்டைக்கு, வருகிறேன். எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, கொள்ளுத் தாத்தா வரைக்கும் இந்திய வம்சாவளியைக் காட்டுவது. என் கொள்ளுத் தாத்தா சேலத்துப் பக்கத்திலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணியோடு மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். பால்மரம் வெட்டியே, அதாவது ரப்பர் பால் எடுத்தே, காலம் கழித்தார். சேலம் ஜில்லா என்ற சொல்லைத் தவிர அவரைப் பற்றி எங்களிடம் ஒரு தாள் கிடையாது. ஆயாவின் பெட்டியில் இருக்கும் கப்பல் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். இரண்டாவது வழி, இந்தியரின் மனைவி என்ற முறையில். திருமணம் பதிவாகி இரண்டு வருடம் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். 2024 டிசம்பர் வரை காத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் வேறொரு ஏஜென்ட் போனில் 60,000 ரூபாய் கேட்டார். “இரட்டைக் குடியுரிமை மேடம், ரெண்டு நாட்டுலயும் ஓட்டுப் போடலாம்” என்றார். இதைக் கேட்டு என் அம்மா கிள்ளானில் அழுதேவிட்டார், ஏனென்றால் மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அந்த ஏஜென்ட் சொன்னது பொய். ஓசிஐ என்பது குடியுரிமை கிடையாது. வாழ்நாள் விசா, எஃப்ஆர்ஆர்ஓ பதிவு தேவையில்லை, இங்கே வேலை பார்க்கலாம். ஓட்டுரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. என் மலேசியப் பாஸ்போர்ட் என்னுடையதாகவே இருக்கும். அப்போது அரசாங்கக் கட்டணம் 15,000 ரூபாய். மீதி 45,000 எதற்கு என்று அவரிடம் கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

இந்த முறையும் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். ஆனால் ஒரு வேலைக்கு ஆள் வைத்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை. என் பிறப்புச் சான்றிதழில் புத்ராஜெயாவில் இருக்கும் விஸ்மா புத்ராவின், அதாவது மலேசிய வெளியுறவு அமைச்சின், முத்திரையும், பிறகு கோலாலம்பூரில் இந்தியத் தூதரகத்தின் முத்திரையும் வாங்க வேண்டியிருந்தது. அதற்காக நான் விமானம் ஏறினால் டிக்கெட்டுக்கே ஆள் கூலியைப் போல இரண்டு மடங்கு ஆகும். அங்கே இதையே தொழிலாகச் செய்பவர் ஒருவருக்கு 350 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் ரசீதைப் படம் எடுத்து அனுப்பினார். எந்தத் தாள் எங்கே போக வேண்டும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்ததால் அவரை நம்ப முடிந்தது.

அசல் தாள்களோடு ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருக்கும் எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகத்துக்குக் கணவரும் நானும் போனோம். ராயபுரம் ஸ்டேஷனில் ஏறி, பீச்சில் வண்டி மாறி, நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ. அதிகாரி எங்கள் இருவரையும் நிதானமாக விசாரித்தார். எங்கே சந்தித்தீர்கள், வீட்டில் யார் யார், என்ன வேலை. பதில்களை நான் தமிழில் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் இளகியதாக எனக்குத் தோன்றியது. மனைவி என்ற முறையில் கேட்பவர்களுக்குப் பாதுகாப்பு விசாரணை கட்டாயம். சில வாரம் கழித்து ஒரு காலையில் போலீஸ்காரர் வந்தார். பெரியம்மா பயந்தது நடந்தேவிட்டது, அவர் கதவைத்தான் முதலில் தட்டினார். நான் கீழேயிருந்து ஓடுவதற்குள் பெரியம்மாவின் குரல் கேட்டது: “இந்தப் பொண்ணு எங்க வூட்டுலதான் ரெண்டு வர்ஷமாக் கீது. உக்காருங்க, காபி சாப்டறீங்களா?”

2025 ஜூனில் அட்டை வந்தது. ஆயா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார்.

அந்த அட்டையில் எனக்கு ஒரு பாரமும் இருக்கிறது. இது திருமணத்தை நம்பி நிற்கும் அட்டை. திருமணம் சட்டப்படி முறிந்தால் இதையும் ரத்து செய்யலாம். புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போதெல்லாம் திருமணம் நிலைத்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துப் புது விவரங்களை ஏற்ற வேண்டும். என் கணவர் நல்லவர். ஆனாலும் கல்யாணமாகி வேறு நாட்டுக்கு வாழ வரும் பெண்கள் இதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த ஏஜென்டும் எனக்கு இதைச் சொல்லவில்லை. விதிகளை நானே உட்கார்ந்து படித்ததால் தெரிந்தது.

போன வாரம் பெரியம்மா ஒரு பிளாஸ்டிக் பையோடு கீழே வந்தார். பழைய மின் அட்டை, மாமனாரின் இறப்புச் சான்றிதழ், கணவரின் இறப்புச் சான்றிதழ், வரி ரசீதுகள். கரண்ட் பில்லில் தன் பெயரைப் போட வேண்டும் என்றார். புரோக்கர் ஒருவர் 8,000 ரூபாய் கேட்டாராம். “நீயே கம்ப்யூட்டர்ல போட்டுக் குடு கண்ணு, எனக்கு எதிர்ல வெச்சிப் போடு” என்றார். தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தோம். வாரிசுச் சான்றிதழ் மட்டும் இல்லை. திங்கள்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இருவரும் போகிறோம்.