சர்வரில் ராம் பிழை: கெட்டது ஸ்டிக்கா, ஸ்லாட்டா?

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஆலை. கணக்குப் பார்க்கும் சர்வர், டிடிஆர்4 ஈசிசி ராம் (பிட் பிழையைத் தானே திருத்தும் வகை) நான்கு ஸ்டிக், லினக்ஸ். மே மாத மதியம் ஆனால் தொங்கிவிடுகிறது. முதலில் எல்லோரும் கரண்டைத்தான் குறை சொல்வார்கள். யூபிஎஸ் மாற்றியும் நிற்காவிட்டால் ராமைப் பார்க்க வேண்டியதுதான்.

ஈசிசி ராமில் பிழையைப் பிடிப்பது சிபியூவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர். 64 பிட் டேட்டாவோடு 8 சரிபார்ப்பு பிட்டும் சேர்த்து எழுதும். படிக்கும்போது திரும்பக் கணக்குப் போட்டு ஒப்பிடும். ஒரு பிட் புரண்டிருந்தால் எந்த பிட் என்றே தெரியும், திருத்திக் கொடுத்துவிடும். இரண்டு புரண்டால் கெட்டது மட்டும் தெரியும், திருத்த வழியில்லை. இரண்டையுமே சிபியூவின் பிழைக் குறிப்பேடான மெஷின் செக் ரெஜிஸ்டரில் குறித்து வைக்கும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தொங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் அந்த ரெஜிஸ்டர் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். ரீசெட் பட்டனை அழுத்துங்கள். கரண்ட் போகாமல் மறுபடி தொடங்கும் இந்த வார்ம் ரீபூட்டில் குறிப்பு பெரும்பாலும் தப்பிவிடும், அடுத்த பூட்டில் லினக்ஸின் கெர்னல் லாகில் வந்து விழும்.

ஈசிசி உண்மையிலேயே இருக்கிறதா என்று, ஹார்டுவேர் விவரம் காட்டும் டிஎம்ஐடிகோட் கட்டளையில் பாருங்கள். மொத்த அகலம் 72, டேட்டா அகலம் 64 என்று இருக்க வேண்டும். இரண்டுமே 64 என்றால் அது சாதா ராம். பிறகு ஹார்டுவேர் பிழைகளைப் பதிவு செய்யும் ராஸ்டீமன் மென்பொருளை நிறுவி, பூட்டிலேயே ஓடும்படி வையுங்கள். மெமரி பிழைகளை எண்ணும் கெர்னல் பகுதியான எடாக்கின் எண்ணிக்கை ரீபூட் ஆனால் பூஜ்ஜியம். ராஸ்டீமன் டேட்டாபேஸில் சேமித்து வைக்கும். எடாக் எதுவும் காட்டவில்லையா? பயாஸே பிழையை வாங்கி வைத்துக்கொள்ளும் போர்டுகள் உண்டு. அப்போது சர்வர் போர்டே தனியாக வைத்திருக்கும் ஐபிஎம்ஐ ஈவென்ட் லாகைத் திறக்க வேண்டும்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் பாஸ் ஆனதை மட்டும் நம்பாதீர்கள். கன்ட்ரோலர் திருத்திய பிறகுதான் டேட்டா அதன் கைக்கே வருகிறது, ஈசிசி பிழையைத் தனியே படிக்காத பதிப்புக்கு எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும்.

லாகில் ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ஸ்டிக்கில் மெமரி செல் போயிருக்கிறது. ஒரே சேனலில் (சிபியூவிலிருந்து ஸ்லாட்டுக்குப் போகும் ஒரு பாதையில்) முகவரி சிதறி வந்தால் பெரும்பாலும் தொடர்புப் பிரச்சினை. இங்கே சிதறித்தான் வந்தது. பிழை காட்டிய ஏ1 ஸ்லாட்டின் ஸ்டிக்கை பி1 ஸ்லாட்டுக்கும், பி1-ல் இருந்ததை ஏ1-க்கும் மாற்றிப் போட்டு, மதிய லோடில் விட்டோம். பிழை ஏ1-லேயே நின்றது. ஆக ஸ்டிக் நல்லது. ஸ்லாட்டுக்கு லினக்ஸ் காட்டும் பெயரும் போர்டில் அச்சடித்த பெயரும் ஒத்துப்போகாத போர்டும் உண்டு. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டிக்கைக் கழற்றி, எது மறைகிறது என்று பார்ப்பதே நிச்சயம்.

ஸ்லாட்டில் தூசு, பின்களில் கறுப்பு. தோலின் மயிரை நீக்கும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கத்துக் காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், செம்பை அரிக்கும். ரப்பரால் தேய்க்கும் பழக்கத்தை விடுங்கள். தங்கப் பூச்சு போய்விடும், துகளும் தங்கும். ஸ்டிக்கின் பின்களுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும், ஸ்லாட்டுக்குக் காற்று ஊதினால் போதும். அதற்குப் பிறகும் அதே சேனலில் வந்தால் சிபியூவைக் கழற்றி, சாக்கெட் பின் வளைந்திருக்கிறதா, கூலர் ஒரு பக்கமாக அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த சர்வருக்கு அது தேவைப்படவில்லை. சுத்தம் செய்ததுமே பிழை ஏறுவது நின்றது.

வெயிலுக்கும் பங்கு உண்டு. சூடு ஏறினால் செல்லில் சார்ஜ் சீக்கிரம் கசியும். 85 டிகிரியைத் தாண்டினால் டிடிஆர்4-க்கு, சார்ஜைத் திரும்பப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷை இரட்டிப்பாக்க வேண்டும். முன்பக்க ஃபேன் ஃபில்டரைக் கோடையில் மாதம் ஒருமுறையாவது கழுவச் சொல்லிவிட்டோம். ஸ்டிக் மாற்றியே ஆக வேண்டும் என்றால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது ஈசிசி என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய ஸ்டிக்கின் லேபிளைப் படம் எடுத்துப் போங்கள். ஈசிசியிலேயே ஆர்டிம், யூடிம் என்று இரண்டு வகை ஸ்டிக் உண்டு, இரண்டும் ஒரே போர்டில் கலந்து ஓடாது.